ஆறாவது பொத்தான்

அக்காவின் சாம்பல் நிறக் கோட்டில் ஐந்து கறுப்புப் பொத்தான்கள். ஆறாவதாக ஒரு சிவப்புப் பொத்தான், இடது பக்கம், கழுத்துப்பட்டைக்கு ஆறு விரல் கீழே. அதற்குத் துளை கிடையாது. எதையும் பூட்டுவதற்காக அது தைக்கப்படவில்லை. மரங்களை அளப்பதற்காக நான் தைத்துக் கொடுத்தது அது.

மரம் அளக்கும் வேலைக்கு அக்கா வந்தது ஐம்பத்தொன்றாவது வயதில். அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் ஒரு துணிக்கடையில் அளந்து வெட்டிக் கொடுக்கும் வேலை. கடையில் அவளுக்கு ஏணி என்று பெயர். மேல்தட்டுத் துணிக்கட்டை எடுக்க மற்றவர்கள் ஏணியைத் தேடிக்கொண்டிருக்கும்போது அக்கா கையை நீட்டி எடுத்துப் போட்டுவிடுவாள். அவ்வளவு உயரம். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத உயரம். பக்கத்தில் நின்றால் நான் அவளுடைய காதுவரை வருவேன்.

மீட்டர் கோலில் துணியை நீட்டி, கத்தரி வைக்கும் இடத்தில் ஒரு விரல் கூடுதலாக விடுவாள். ஒவ்வொரு முறையும், ஒவ்வொருவருக்கும். முதலாளி ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டாராம்.

"என்ன ஏணி, என் கடையை விரல் விரலா வித்துத் தீர்த்துடுவ போலிருக்கே?"

"துவைச்சா துணி சுருங்கும் முதலாளி. சட்டை பத்தலைன்னு வந்து நிப்பாங்க. அப்ப நீங்களா பதில் சொல்வீங்க?"

முதலாளி அதற்குப் பிறகு கேட்கவில்லை. கடையை மூடிய அன்று அந்த மீட்டர் கோலை அவளிடமே கொடுத்துவிட்டார். அத்தான் இறந்த பிறகு அவள் என்னோடுதான் இருந்தாள். இரண்டு அறை, ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். நான் கல்லூரியில் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். வேலை இல்லாமல் மூன்று மாதம் ஜன்னலருகே உட்கார்ந்திருந்த அக்கா, வீட்டில் இருந்த திரை, தலையணை உறை, மேஜைவிரிப்பு எல்லாவற்றையும் அளந்து முடித்துவிட்டாள். அந்த நேரத்தில்தான் நகரம் தன் திட்டத்தை அறிவித்தது.

நகரம் வெளியே விடுகிற கரியமில வாயுவும், அது திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிற கரியமில வாயுவும் இருபத்தைந்து வருஷத்துக்குள் சமமாக வேண்டும். கழித்துப் பார்த்தால் மீதி பூஜ்ஜியம். அதற்காகப் பேருந்துகளை மாற்றினார்கள், மருத்துவமனைக் கொதிகலன்களை மாற்றினார்கள், தெருவிளக்கைக்கூட மாற்றினார்கள். எவ்வளவு மாற்றினாலும் கொஞ்சம் புகை மிஞ்சும். அதை மரங்கள் குடித்துத் தீர்க்க வேண்டும். குடித்ததா என்பது மரம் எவ்வளவு பருத்தது என்பதில் தெரியும். ஆகவே வார்டுக்கு ஓர் ஆள் என்று, நகரத்து மரங்களை வருஷம் ஒரு முறை அளக்க ஆள் எடுத்தார்கள். விண்ணப்பத்தில் முன் அனுபவம் என்ற இடத்தில் அக்கா, 'இருபத்திரண்டு வருஷம் அளந்திருக்கிறேன்' என்று எழுதினாள். எதை என்று எழுதவில்லை.

பயிற்சி கொடுத்த திட்ட அதிகாரிக்கு முப்பது வயதிருக்கும். நிமிஷத்துக்கு நாலு தடவை பூஜ்ஜியம் என்று சொன்னதால் அவர் பெயரே பூஜ்ஜியம் ஆகிவிட்டது. அவர் சொல்லிக் கொடுத்த விதிகளை அக்கா வீட்டுக்கு வந்து எனக்கு ஒப்பித்தாள். தரையிலிருந்து ஒரு மீட்டர் முப்பது சென்டிமீட்டர் உயரத்தில்தான் டேப்பைச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு வருஷமும் அதே மாதத்தில். அதோடு, ஒரு மரத்தை எப்போதும் ஒரே கைதான் அளக்க வேண்டும். ஆளுக்கு ஆள் டேப்பை இழுக்கிற இறுக்கம் வேறுபடும், அதிலேயே அரை சென்டிமீட்டர் போய்விடும்.

"ஒரு விரல் கூட விட்டா?" என்று கேட்டேன்.

"துணிக்கு விடலாம். மரத்துக்கு விட்டா பொய்."

உயரம் பார்க்க ஒரு கோல் கொடுத்திருந்தார்கள். முதல் வாரத்திலேயே அதை இரண்டு தடவை பேருந்தில் விட்டுவிட்டு வந்தாள். மூன்றாவது கோல் கிடைத்ததும், "இதுக்குத் தனி டிக்கெட் எடுங்கன்னு கண்டக்டர் சொல்றான்டி" என்று அலுத்துக்கொண்டாள். மற்ற வார்டுக்காரர்கள் கோலை வீட்டில் போட்டுவிட்டுத் தங்கள் சட்டையில் அடையாளம் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சட்டைப்பையின் விளிம்பை, இன்னொருவர் கழுத்துச் சங்கிலியின் பதக்கத்தை. உடம்பு எப்போதும் கூடவே வரும், பேருந்தில் மறந்துவிட்டு வர முடியாது.

அக்கா வேலைக்குப் போகிற கோட்டையும் செருப்பையும் போட்டுக்கொண்டு சமையலறைக் கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்றாள். நான் தரையிலிருந்து ஒரு மீட்டர் முப்பது அளந்து நிலையில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். அந்தப் பென்சில் குறிக்கு நேராக அவள் போட்டிருந்த கோட்டில் ஊசியைக் குத்தினேன். தையல் டப்பாவில் தனியாகக் கிடந்தது ஒரு சிவப்புப் பொத்தான்தான்.

"மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்காதே. சாதாரணமா நில்லு."

"குத்திடாதே சின்னி. நெஞ்சுக்குள்ள போயிடப் போகுது."

நான்கு சுற்று நூல் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டேன். அறுந்து விழுந்துவிடக் கூடாது என்பதில்தான் எனக்குக் கவலை இருந்தது.

எங்கள் வார்டில் நானூற்றுப் பன்னிரண்டு மரங்கள். அவள் அளக்க, கூட வந்து நோட்டில் எழுதிக்கொள்ள ஒருவர். வெயிலோ மழையோ கையில் குடை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அவர் பெயர் குடை. அக்காவைவிட நான்கைந்து வயது சிறியவர். முதல் மரம் எங்கள் வீட்டுக்கு எதிரே நின்றது, கடைசி மரம் ரயில் கொட்டகைக்குப் பின்னால். முதல் வருஷம் அளக்கும்போதே எண் போட்ட சின்ன அலுமினியத் தகட்டை ஒவ்வொரு மரத்திலும் ஆணியடித்தார்கள். டேப் சுற்றும் இடத்திலிருந்து ஒரு சாண் மேலே அடிக்க வேண்டும் என்பது விதி, ஆணி அடித்த இடம் புடைத்து அளவைக் கெடுத்துவிடக் கூடாதாம்.

தையற்கடைக்காரர் ஒருவர் வாசலில் நின்று கேட்டாராம், "என்னம்மா, மரத்துக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

"ஆமா. துணி நீங்க கொடுங்க, கூலி மரம் கொடுக்கும்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் இந்த மாதிரிக் கதைகளைச் சொல்லிச் சிரிப்பாள். பள்ளிக்கூடத்து மதிலை உடைத்துக்கொண்டு நின்ற நூற்றிருபதாம் எண்ணை அவளுக்குப் பிடிக்கும். மருந்துக்கடை எதிரில் இருந்த எண்பத்தொன்பது ஒல்லியாக, மெலிந்து போய் நின்றது. அதைப் பற்றி ஒரு மகளைப் பற்றிப் பேசுவதுபோலக் கவலைப்படுவாள்.

இரண்டாம் வருஷ அளவு பாதி தாண்டியிருந்தபோது அக்கா தன் நைட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இது தரையில இழுக்குதுடி. ஒரு அங்குலம் மடிச்சுத் தைச்சுக் கொடு."

"போன வருஷம் சரியாத்தானே இருந்துச்சு?"

"துவைக்கத் துவைக்க நீளுது போல. இருபத்திரண்டு வருஷம் துணி அளந்திருக்கேன், நீளுற துணியை இப்பத்தான் பாக்கறேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். நான் ஓர் அங்குலம் மடித்துத் தைத்துக் கொடுத்தேன். அந்த மாதங்களில் முதுகு வலி என்று அடிக்கடி சொன்னாள். நாள் முழுக்க நிற்கிற வேலை, வயது வேறு ஆகிறது என்று நினைத்தோம். வெந்நீர்ப் பையைச் சூடாக்கிக் கொடுப்பேன். வைத்துக்கொண்டு அப்படியே தூங்கிவிடுவாள்.

மூன்றாம் வருஷ அளவு முடிந்து இரண்டு மாதம் கழித்து நாற்சந்தியில் ஒரு பலகை வைத்தார்கள். பச்சை எழுத்தில், இந்த வார்டின் மரங்கள் நகரச் சராசரியைப் போல இரு மடங்கு வளர்ந்துள்ளன என்று இருந்தது. அதைச் சொல்வதற்காகவே குடை ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"நம்ம மரம் எப்படி வளருதுன்னு தெரியுமாம்மா?" என்றார் என்னிடம். "நாங்க அடிச்ச தகட்டையே நாலு விரல் மேல தூக்கிக்கிட்டுப் போயிடுச்சு."

"நெசம்தான் சின்னி. முதல் வருஷம் குனிஞ்சு பாத்த நம்பரெல்லாம் இப்ப கண்ணுக்கு நேரா நிக்குது. டேப்புக்கும் தகட்டுக்கும் நடுவுல ஒரு சாண் இருந்தது, இப்ப சாணும் நாலு விரலும்."

"எல்லா மரத்திலயுமா?"

"எல்லாத்திலயும். ஒண்ணுவிடாம."

நானும் சிரித்தேன். சிரித்தபடியே அடுத்த கோப்பையில் ஊற்றப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

பத்தொன்பது வருஷமாக முதலாண்டு மாணவர்களுக்கு நான் ஒரு கேள்வி கேட்பேன். ஒரு மரத்தில் ஆள் உயரத்தில் ஆணி அடித்தால் பத்து வருஷம் கழித்து அந்த ஆணி எங்கே இருக்கும்? எல்லாரும் மேலே போயிருக்கும் என்பார்கள். போகாது. மரம் நுனியில்தான் உயரும். அடிமரம் பருக்கும், ஏறாது. ஆணி அடித்த உயரத்திலேயே இருக்கும்.

தகடு ஏறவில்லை என்றால் பொத்தான் இறங்கியிருக்கிறது.

"அக்கா, கோட்டைப் போட்டுக்கிட்டுக் கதவுகிட்ட வா."

"இப்ப எதுக்கு?"

"வாயேன். செருப்பையும் போட்டுக்கோ."

முனகிக்கொண்டே வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். பென்சில் கோடு அப்படியே இருந்தது. சிவப்புப் பொத்தான் அதற்குக் கீழே இருந்தது. அக்கா கழுத்தைத் திருப்பிப் பென்சில் கோட்டைப் பார்த்தாள், குனிந்து பொத்தானைப் பார்த்தாள். பிறகு தன் நான்கு விரல்களைச் சேர்த்து இரண்டுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது.

"தரை இறங்கியிருக்குமோ?" என்றார் குடை. யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

எதிரே நின்ற எனக்கு அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. அவளுடைய கண்கள் என் கண்களுக்கு நேராக இருந்தன. எத்தனை மாதமாக அப்படி இருந்தன என்று எனக்குத் தெரியவில்லை. ஒரே வீட்டில் ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

அக்காவுக்கு முதலில் வந்தது தன்னைப் பற்றிய பயமில்லை. "அப்ப மூணாவது வருஷம் நான் அளந்ததெல்லாம் நாலு விரல் கீழயா?" என்றாள். "கீழ போகப் போக மரம் தடியா இல்ல இருக்கும்?"

ஆமாம் என்று தலையசைத்தேன்.

"அப்ப மரம் வளரலை."

"கொஞ்சம் வளர்ந்திருக்கும்க்கா."

"பலகையில போட்டிருக்கிற அளவுக்கு வளரலை."

மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தபோது அக்காவின் முதுகில் மூன்று முள்ளெலும்புகள் நசுங்கியிருந்தன. ஈரத்தில் ஊறிய அட்டைப் பெட்டியை மேலே இருந்து அமுக்கினால் உட்காருமே, அப்படி என்று மருத்துவர் படத்தைக் காட்டினார். எலும்பின் உள்ளே, மஜ்ஜையில் இருந்தது நோய். வெகு தூரம் போய்விட்டது என்றார். எப்போதிலிருந்து உயரம் குறைய ஆரம்பித்தது தெரியுமா என்று கேட்டார். முதல் வருஷம் ஒன்றுமில்லை, இரண்டாம் வருஷம் ஓர் அங்குலம், மூன்றாம் வருஷம் நாலு விரல் என்று சொன்னேன். இவ்வளவு துல்லியமாக யாரும் தன்னிடம் சொன்னதில்லை என்றார் அவர்.

அக்கா படுத்தே இருக்க வேண்டும் என்று சொல்லி மருந்து எழுதிக் கொடுத்தார். அதற்கு மறுநாள் அவள் திட்ட அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சாயங்காலமே பூஜ்ஜியம் வீட்டுக்கு வந்துவிட்டார். அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டார்.

"மேடம், உடம்பைப் பாத்துக்குங்க. இதைப் பத்திக் கவலைப்படாதீங்க. நாப்பது வார்டுல ஒரு வார்டுதானே."

"நாப்பதுல ஒண்ணு தப்புன்னா உங்க மீதி பூஜ்ஜியமா வருமா தம்பி?"

"வராதுதான். ஆனா எந்தக் கணக்கிலயும் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். நல்ல நம்பர் வந்திருக்கு, எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க."

"அந்தப் புகையை மரம் குடிச்சிடுச்சுன்னு நான் எழுதிக் கொடுத்திருக்கேன். அது குடிக்கலை. இங்கயேதான் எங்கயோ சுத்திக்கிட்டிருக்கு. அதுக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"சரி, வேற ஆளை அனுப்பித் திரும்ப அளக்கச் சொல்றேன்."

"ஒரே கைன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?"

மடிக்கணினியின் மேல் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், மூன்றாண்டு அறிக்கைக்கு எண்களை எடுத்துக்கொள்ள இன்னும் ஆறு வாரம் இருக்கிறது என்றார். எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினார்.

"நீங்க எல்லாரும் எனக்கு என்ன பேரு வச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும் மேடம்."

"கோபமா?"

"இல்லை. இனிமே அந்தப் பேரைச் சொல்லும்போது உங்களைத்தான் நினைச்சுப்பேன்."

அவர் போன பிறகு நான் சண்டை போட்டேன். ஊரில் உள்ள புகைக்கெல்லாம் நீதான் பொறுப்பா, உனக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் யாரிடம் போய் நிற்பேன் என்று வாய்க்கு வந்ததெல்லாம் கத்தினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"படுத்திருந்தா எத்தனை மாசம், நடந்தா எத்தனை மாசம்னு டாக்டர் சொன்னாரா?"

"சொல்லலை."

"அப்ப அவருக்கும் அளக்கத் தெரியலை. நீ லீவு போடு."

கடைசி எண்ணிலிருந்து தொடங்கலாம் என்று அவள்தான் சொன்னாள். முதலில் ரயில் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் நானூற்றுப் பன்னிரண்டு. அங்கிருந்து இறங்கி இறங்கி வீட்டை நோக்கி வர வேண்டும். நடக்க முடியாமல் போகிற நாட்களில் மரங்கள் கிட்டத்தில் இருந்தால் சௌகரியம் என்றாள், சந்தைக்குப் போகிற வழியைச் சொல்வதுபோல.

மடக்கு நாற்காலியை நான் தூக்கிக்கொண்டேன். அலுவலகத்துக் கோலைக் குடை தூக்கிக்கொண்டார். அக்கா அதே கோட்டைத்தான் போட்டுக்கொண்டாள். பொத்தானைப் பிய்த்துவிடட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், இருக்கட்டும் என்றாள். மரத்தருகே நாற்காலியைப் போடுவோம். கோலை நிறுத்தி உயரம் குறிப்போம். நான் டேப்பை எடுத்துக்கொண்டு மரத்தைச் சுற்றி வந்து நுனியை அவள் கையில் கொடுப்பேன். இழுப்பது அவள். அந்த ஓர் இழுப்புக்காக எழுந்து நிற்பாள். இழுத்து, கண்ணைச் சுருக்கிப் படித்து, சொல்லிவிட்டு உட்காருவாள்.

"எழுபத்தொன்பது புள்ளி நாலு."

"பழசு எண்பத்தொண்ணு புள்ளி மூணு," என்பார் குடை.

"பழசை ஏன் சொல்றீங்க? புதுசை எழுதுங்க."

ஒவ்வொரு மரமும் இளைத்தது. ஒன்றரை, இரண்டு, ஒன்று புள்ளி எட்டு. முதல் வாரம் நாளைக்கு இருபது மரம் அளந்தாள். மூன்றாம் வாரம் பதின்மூன்று. நாற்சந்திப் பலகைக்கு நேர் பின்னால் நூற்றறுபத்தாறாம் எண் நின்றது. இரு மடங்கு என்ற எழுத்துக்குக் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "குடை, அந்த எழுத்து என் தலையில விழாம பிடிச்சுக்குங்க" என்றாள். அவர் உண்மையாகவே குடையை விரித்துப் பிடித்தார். மழையில்லாத நாளில் நடுத்தெருவில் மூன்று பேரும் சிரித்ததைப் பேருந்திலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மருந்துக்கடை எதிரில் எண்பத்தொன்பதை இழுத்துப் படித்தபோது மட்டும் அவள் கொஞ்ச நேரம் டேப்பை விடவில்லை. மூன்று வருஷத்தில் அது அரை சென்டிமீட்டர்கூடப் பருக்கவில்லை. நன்றாகத் தேறிவிட்டது என்று போன முறை வந்து சொன்ன மரம் அது.

"நான்தான்டி தேறிட்டதா சொன்னேன்," என்றாள். "தண்ணி ஊத்தச் சொல்லியிருக்கலாம். தேறிடுச்சுன்னு நினைச்சு யாரும் ஊத்தலை."

இரண்டாம் வருஷ அளவுகளை என்ன செய்வது என்று ஒரு நாள் கேட்டாள். அதை நீக்கிவிடுவார்கள் என்றேன். அந்த வருஷத்தைத் திரும்பப் போய் அளக்க முடியாதில்லையா என்றாள்.

ஐந்தாம் வாரம் நாளைக்கு எட்டு மரம், பிறகு ஐந்து, பிறகு நான்கு. எட்டாம் எண், எங்கள் தெருமுனையில் செருப்புத் தைக்கிறவர் கடைக்குப் பக்கத்தில். அதை அளக்க எழுந்தவள் இழுத்துப் படித்துவிட்டு உட்காரவில்லை, என் தோளில் அப்படியே சாய்ந்துவிட்டாள். குடையும் நானும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். எழுபது கிலோ இருந்த அக்கா. நாற்காலிதான் கனமாக இருந்தது.

மறுநாள் அவளால் எழ முடியவில்லை. அதற்கு அடுத்த நாளும். கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டேன். மிச்சம் ஏழு மரம். ஏழும் எங்கள் தெருவில், முதல் எண் ஜன்னலுக்கு நேர் எதிரே. அலுவலகம் சொன்ன கடைசித் தேதி அன்று காலை குடை நோட்டோடு வந்து நின்றார்.

"அக்கா, ஏழுதான். உங்க தங்கச்சி இழுக்கட்டும், நான் எழுதிக்கறேன். அரை மணி நேர வேலை. யாருக்கும் தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமே."

"நீ ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே இரு," என்றேன். "டேப் தொங்கினா சொல்லு. எவ்வளவு இழுக்கணும்னு சொல்லு. நீ சொல்ற மாதிரியே இழுக்கறேன்."

அவள் என் கையைப் பிடித்தாள். மணிக்கட்டைச் சுற்றி விரல்களை மூடி, டேப்பை இழுப்பதுபோலக் கொஞ்சம் இறுக்கினாள். அதில் பலமே இல்லை.

"உன் கை வேறடி."

பிறகு குடையிடம், "அளக்கவில்லைன்னு எழுதுங்க" என்றாள்.

அவர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெகு நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். "ஏழுக்கும் சேர்த்து ஒரு கோடு இழுத்து ஒரு தடவை எழுதிடவா?"

"ஏழு மரம். ஏழு தடவை எழுதுங்க."

அவர் எழுதினார். எழுதி முடித்ததும் காட்டச் சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது வரியில் ஓர் எழுத்து அழிந்திருந்தது, தண்ணீர் பட்டு. அதைத் திருத்தி எழுதச் சொன்னாள். கையெழுத்துப் போடப் பேனாவை நான்தான் விரல்களுக்குள் வைத்தேன்.

அதற்கு ஒன்பதாம் நாள் மத்தியானம் அக்கா இறந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. பேருந்து ஒன்று சத்தமே இல்லாமல் போனது, புதிய பேருந்து.

அறிக்கை மூன்று மாதம் கழித்து வந்தது. நூற்றுப் பதினான்காம் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில் ஒரு வரி. ஒரு வார்டின் அளவுகள், அளவீட்டு உயரத்தில் நேர்ந்த பிழை காரணமாகத் திருத்தப்பட்டன. நானூற்றைந்து மரங்கள். நகரம் தன் பூஜ்ஜியத்தை அடைய முன்பு சொன்னதைவிட இன்னும் சில மாதங்கள் கூடுதலாகும் என்று வேறோர் இடத்தில் இருந்தது. அது எங்கள் வார்டினால்தானா என்று எனக்குத் தெரியாது. நாற்சந்திப் பலகையை எடுத்துவிட்டார்கள். எண்பத்தொன்பதாம் மரத்துக்கு இப்போது வாரம் இரண்டு முறை தண்ணீர் வண்டி வருகிறது. பூஜ்ஜியம் ஏற்பாடு செய்தார் என்று குடை சொன்னார்.

மரம் அளந்து எழுதிய பழைய நோட்டுகளை அலுவலகத்தில் கழிவுக் காகிதத்தில் போடப் போவதாகக் கேள்விப்பட்டு நான் போய்க் கேட்டு வாங்கி வந்தேன். பழைய நோட்டையும் புதிய நோட்டின் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மரம் மரமாகக் கழித்துப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு கூடுதலோ அவ்வளவு அக்கா குறைந்திருக்கிறாள். இரண்டாம் வருஷ நோட்டில் இருநூற்றிருபத்தேழாம் எண்வரை எண்கள் நிதானமாகத்தான் கூடுகின்றன. அதற்கு அடுத்த மரத்திலிருந்து எல்லாமே ஒரே தாவலாகக் கூடிவிடுகின்றன. இரண்டுக்கும் நடுவில் குடை கையெழுத்தில், 'அக்காவுக்கு முதுகு பிடித்தது, பத்து நிமிடம் உட்கார்ந்தோம்' என்றிருக்கிறது. தேதியும் இருக்கிறது. அன்று வீட்டுக்கு வந்தவளுக்கு வெந்நீர்ப் பை கொடுத்திருப்பேன். கோட்டை வாங்கி ஆணியில் மாட்டியிருப்பேன். பொத்தான் இறுக்கமாக இருக்கிறதா என்றுகூட ஒரு முறை இழுத்துப் பார்த்திருப்பேன்.

காலையில் கல்லூரிக்குப் போகும்போது எதிர்ப்பக்கம் போய் முதல் எண் மரத்தை ஒட்டி ஒரு நிமிஷம் நிற்கிறேன். தகடு என் புருவத்துக்கு நேராக இருக்கிறது. அதற்கு ஒரு சாண் கீழே, மரப்பட்டையில் அக்காவுக்குப் பிறகு யாரும் டேப் சுற்றவில்லை.